இடது கையில் எடுத்த நரி

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேலை கிடையாது. மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். எங்களுக்குச் சோறு போடுவது கல்யாணங்கள்தான். இந்துக்கள் மார்கழியில் முகூர்த்தம் வைப்பதில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் கோயிலிலும் அது திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ் வருகிற வரைக்கும் கல்யாணம் என்று போய் நின்றால் சாமியார் முறைப்பார். இரண்டு பக்கத்துச் சாமிகளும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கடையை அடைத்த மாதிரி இருக்கும். போதாக்குறைக்கு உப்பளத்திலும் மழைத்தண்ணீர் நின்று வேலை நடக்காது. ஊரில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதம் அது.

அந்த மாதத்தில்தான் இந்தக் கடற்கரை ஓரத்துக் கல்யாண போட்டோகிராபர்கள் எல்லோரும் சேர்ந்து, வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்து டூர் போவோம். ஏலகிரி, ஏற்காடு என்று போவது, ஒருத்தரும் கேமராவைத் தொடாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது, இதுதான் வழக்கம். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி பொம்பளை. போன மார்கழியில் கூனிமேட்டு பாய் வேறு திட்டம் சொன்னார். அவர் எங்களில் மூத்தவர். ஐம்பதைத் தாண்டியதும் பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது. யாரோ விற்ற நீள லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையில்லாத நாளெல்லாம் கழுவெளி ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவார். மனுஷ மூஞ்சியையே எடுத்து எடுத்துச் சலித்துவிட்டது, இந்தத் தடவை காட்டு ஜீவன்களை எடுக்கலாம், அதற்கு எங்கேயும் போக வேண்டாம், நம் உப்பளத்துக்கே போகலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற உப்பளத்துக்கு வேன் பிடித்து டூர் போகிற கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

என் வீட்டுக்காரர் மட்டும் யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

ஆவணியில் அவருக்கு லேசாக ஸ்ட்ரோக் வந்தது. நடைக்கு ஒன்றும் ஆகவில்லை, பேச்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வலது கை மட்டும் பழையபடி இல்லை. டம்ளரைப் பிடிக்கும், சட்டைப் பொத்தான் போடும், ஆனால் ஆள்காட்டி விரல் சொன்ன பேச்சை உடனே கேட்காது. அழுத்து என்று அவர் நினைத்தால், அது கொஞ்சம் யோசித்துவிட்டு அழுத்தும். வேறு தொழிலாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, முடிச்சு விழுந்த பிறகு விரல் வந்து என்ன பிரயோஜனம்? ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் எடுத்துப் பார்த்தார். தாலி கட்டுகிற படம் முழுக்க மாப்பிள்ளையின் முதுகும் யாரோ நீட்டிய கையுமாக இருந்தது. நல்லவேளை, எதிர்ப்பக்கம் நின்று நான் எடுத்த படங்கள் இருந்தன. அதோடு மேடை ஏறுவதை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் வடிவமைக்க ஆரம்பித்தார். முகூர்த்தத்தை நான் எடுப்பேன், நன்றாகவே எடுப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் கவலை அதுவல்ல. கேமராவைக் கீழே வைத்த நாளிலிருந்து அந்த மனுஷன் வீட்டில் சிரிக்கவே இல்லை.

இந்த நிலைமையில் தை மாதத்துக்கு ஒரு கல்யாணம் வந்தது. அனுமந்தையில் மீன் வியாபாரம் செய்கிற ஒருத்தரின் மகள். அந்தப் பெண்ணின் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் இவர் எடுத்ததுதான். தாலி கட்டுவதையும் அவரேதான் எடுக்க வேண்டும் என்று பெண் பிடிவாதமாக இருக்கிறாள், வருவாரா மாட்டாரா, தெரிந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று அவள் அப்பா கேட்டார். டூர் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று நான் வாய்தா வாங்கியிருந்தேன். இவர் என்னிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். பறக்கிற பறவையை எடுக்க முடிந்தால் தாலி கட்டுவதையும் எடுக்க முடியும். முடியவில்லை என்றால் அன்றைக்கே அந்த வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அவர் மேடை ஏற மாட்டார். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட ஆள்.

இடது கையில் பழகுங்கள் என்று பிசியோதெரபி சொல்லித்தருகிற பெண் முதல் வாரமே சொன்னாள். நானும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "நல்ல காரியத்துல போயி பீச்சாங்கைய நீட்டச் சொல்றியா?" என்று ஒரே போடாகப் போட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் காசு கொடுப்பது, வெற்றிலை பாக்கு வாங்குவது எல்லாம் வலது கையில்தான். இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினாலே மூஞ்சியைச் சுளிப்பார்கள். கல்யாண மேடையில், பெரியவர்கள் நடுவில், தாலிக்கு நேராக அந்தக் கையைக் கொண்டுபோய் வைப்பதா என்பது அவர் கட்சி. கேமரா செய்தவனும் அதே கட்சி போலிருக்கிறது, பொத்தானை வலது பக்கத்தில்தான் வைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிட்டு, மறுநாள் விடிகிற நேரத்துக்கு உப்பளத்தில் போய் இறங்கினோம். நல்ல பனி. பாத்திகளும் வரப்புகளும் ஒன்றாகத் தெரிந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று காலை வைத்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. காட்டு ஜீவன் எடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார்கள். பாய் தலையில் அடித்துக்கொண்டார். செல்போனை சைலண்டில் போடச் சொன்னார், பிளாஷ் கூடாது என்றார், டிரோன் கூடவே கூடாது என்று திண்டிவனத்துத் தம்பியின் பெட்டியை வேனிலேயே வைத்துப் பூட்டினார். அந்தத் தம்பி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். தங்கமான மனசு, ஆனால் கையும் வாயும் சும்மா இருக்காது. கடைசியில் பாய் தன்னுடைய நீள லென்ஸைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, தான் சின்ன லென்ஸோடு நின்றுகொண்டார். இருபது வருஷப் பழக்கம்.

பனி விலக விலகப் பூநாரைகள் தெரிந்தன. எனக்கு அதுவரைக்கும் வெள்ளையாக நிற்பது எல்லாமே கொக்குதான். கிட்டத்தில் பார்த்தபோது அந்த ரோஸ் நிறத்தை விட்டுக் கண் நகரவில்லை. பக்கத்தில் கூழைக்கடாக்கள் சோம்பேறி மாமனார்கள் மாதிரி மிதந்துகொண்டிருந்தன. எங்கள் ஆட்களுக்கோ பழக்கதோஷம் விடவில்லை. ஒருத்தர் பூநாரையைப் பார்த்து மெதுவாக, கொஞ்சம் இப்படித் திரும்புங்க என்றார். நாங்கள் எல்லோரும் காதால் படம் எடுத்துப் பழகினவர்கள். நாதஸ்வரம் வேகம் பிடித்தால் தயாராவோம், கெட்டிமேளம் கேட்டால் அழுத்துவோம். பறவைக்கு யார் மேளம் வாசிப்பது? அது பாட்டுக்கு நிற்கும், அது பாட்டுக்கு எழும்பும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்கிற கதையாக, ஆளாளுக்குத் தண்ணீரையும் வானத்தையும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டு தவறவிட்டார்கள். இவருக்கு ஒவ்வொன்றும் பரீட்சை. லென்ஸைத் தாங்குகிற ஒற்றைக்கால் ஸ்டாண்டை மண்ணில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு பறவை எழும்பும்போதும் விரலை அழுத்தினார். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். வால், கால், ஒரு இறக்கை நுனி, காலி வானம். பிறகு மறுபடியும் வால். அவர் கழுத்தில் அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. நன்றாக வருகிறது என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. மாதாவே, ஒரே ஒரு கொக்கைக் கொடு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

இதைத் திண்டிவனத்துத் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் என்ன செய்தான் தெரியுமா? எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படம் சரியாக விழவில்லை என்றால் திரும்ப நடத்தச் சொல்வோம். மாலையை இன்னொரு வாட்டி போடுங்க, மெட்டியை இன்னொரு வாட்டி போடுங்க என்போம். சிலபேர் கட்டின தாலியையே மறுபடியும் கட்டுகிற மாதிரிப் பிடிக்கச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை. இந்தத் தம்பி அந்தப் பழக்கத்தை உப்பளத்துக்கும் கொண்டுவந்துவிட்டான். வரப்பைச் சுற்றிக்கொண்டு பறவைகளுக்குப் பின்பக்கம் போனான். அங்கிருந்து கையை உயர்த்தி, அண்ணா ரெடியா, ஒன், டூ, த்ரீ என்று கத்திக்கொண்டே இரண்டு கையையும் தட்டினான். அண்ணனுக்கு நேராகப் பறவைகளைப் பறக்க விட்டால் அண்ணனுக்கு நல்ல படம் கிடைக்கும் என்று அவன் கணக்கு.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எழும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடல் பக்கத்துத் தண்ணீருக்குப் போய்விட்டது. பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பறவைகளை இப்படி விரட்டுவது பாவம், அதுங்க எங்கிருந்தோ பறந்து வந்து அலுத்துப்போய் நிற்கிறதுங்க என்று தம்பியைப் பிடித்துக் காய்ச்சினார். என் வீட்டுக்காரர் கத்தவில்லை. தம்பி கிட்டே வருகிற வரைக்கும் காத்திருந்து, "எனக்காவ பறவைய பறக்க வுடாதடா. அந்தப் பொண்ணு கழுத்துல எனக்காவ இன்னொரு வாட்டி தாலி கட்டச் சொல்வியா?" என்று கேட்டார். தம்பிக்கு முகம் செத்துப்போனது. அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, இவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் நான் நின்றேன்.

பறவையும் இல்லை, வெயிலும் வந்துவிட்டது, வா சாப்பிடலாம் என்று எல்லோரும் வேனுக்குத் திரும்பினார்கள். வேனில் இட்லியும் வடகறியும் இருந்தது. இவர் வரவில்லை. வரப்பு ஓரத்தில் ஒரு பழைய சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனுஷனைக் கூட்டிவரலாம் என்று நான் போனேன். போகும்போதே என்ன திட்டுவது என்று வரிசையாக யோசித்துவைத்திருந்தேன்.

கிட்டே போனதும் எல்லாம் மறந்துபோனது. பாய் உயிராக வைத்திருக்கிற லென்ஸை இவர் திருகிக்கொண்டிருந்தார். கோபத்தில் உடைக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அப்படி இல்லை. அந்த லென்ஸின் நடுவில் ஒரு வளையம் இருக்கும், அதில்தான் ஸ்டாண்டு மாட்டுவது. கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்துப்போகிற லென்ஸிலும் அதே வளையம் உண்டு, அதை யாரும் கவனிப்பதே இல்லை. அதன் திருகைத் தளர்த்தி, கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் இறுக்கியிருந்தார். வலது பக்கம் மேலே இருந்த பொத்தான் இப்போது இடது பக்கம் கீழே வந்துவிட்டது. அவருடைய இடது கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

அந்தக் கை கூடாது என்றீர்களே என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவர் பதில் சொன்னார். "நாரை, கொக்கு எடுக்கறது என்ன நல்ல காரியமா? இங்க யாரு பாக்கப்போறா" என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது. பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

வேலிக்காத்தான் புதருக்குள்ளிருந்து ஒரு நரி வெளியே வந்தது. நான் முதலில் நாய் என்றுதான் நினைத்தேன். நாய்க்கு அந்த நடை வராது. நனைந்த மண்ணை ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்து, வரப்பின் மேல் எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் நின்று, பாத்தி ஓரத்தில் மூக்கை நுழைத்து, ஒரு நண்டைக் கவ்வி வெளியே எடுத்தது. எடுங்க, எடுங்க என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். இவர் கண்ணைக் கேமராவில் வைத்தார். நரி தலையைத் தூக்கி எங்களை நேருக்கு நேராகப் பார்த்தது. அந்த நொடியில்தான் டக்கென்று சத்தம் கேட்டது. விரல் யோசிக்கவில்லை. நரி பார்த்ததும் கேமரா சத்தம் போட்டதும் ஒன்றாக நடந்தது. அதற்குப் பின் இன்னும் சில சத்தங்கள். அவ்வளவுதான், நரி நண்டோடு திரும்பிப் புதருக்குள் போய்விட்டது.

அவர் திரையைப் பார்க்கவில்லை, ஸ்டாண்டு மேலே போகிற மாதிரிக் கேமராவை நேராகத் திருப்பி என்னிடம் நீட்டினார். பார்க்கப் பயம். நான் பார்த்தேன். வானம் கீழே, வரப்பு மேலே, நரி வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ போச்சே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். பிறகுதான் புத்தி வந்தது, தலைகீழாகப் பிடித்து எடுத்த படம், கேமராவை நேராக்கினால் தலைகீழாகத்தானே தெரியும். ஸ்டாண்டோடு சேர்த்துக் கேமராவை மறுபடியும் புரட்டிப் பிடித்தேன். நண்டின் கால் ஒன்று உதட்டில் தொங்குகிறது. மீசையில் தண்ணீர் நிற்கிறது. கண் இரண்டும் அவ்வளவு துல்லியம். "வால் இல்லீங்க, மூஞ்சி" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சிரித்தார். ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் ஒன்று வைத்தேன்.

வேனில் அந்தக் கேமரா கை மாறி மாறிப் போனது. ஒவ்வொருத்தரும் அதைப் புரட்டிப் பார்ப்பதற்குப் பதிலாகத் தங்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். நரி சிரசாசனம் போடுகிறது என்றார் ஒருத்தர். காலையில் யார் முகத்தில் முழித்தீர்கள், நரி முகத்திலா என்றார் இன்னொருத்தர். இடது கையில் எடுத்தது என்று நான் போட்டு உடைத்துவிட்டேன். எல்லோரும் மேடையில் வேலை பார்க்கிறவர்கள், சொல்லாமலே புரிந்துவிட்டது. பாய்தான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நரி எடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல வுழுந்து புடுங்காம போனா சரின்னு சொல்லுவாங்க இல்ல. உன் கையும் அப்படித்தான்பா" என்றார். வேனே சிரித்தது. திண்டிவனத்துத் தம்பி தலையைக் குனிந்துகொண்டே இரண்டு இட்லியைத் தட்டில் வைத்து இவரிடம் கொண்டுவந்தான். இவர் அவனையும் உட்காரச் சொல்லி, தட்டைப் பகிர்ந்துகொண்டார்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் என்னிடம் போனைக் கேட்டார். உடம்புக்கு வந்ததிலிருந்து வாடிக்கைக்காரர்களோடு நான்தான் பேசுவேன், அவர் பேசியதே இல்லை. அனுமந்தைக்காரர் எடுத்தார். இவர் சுற்றி வளைக்கவில்லை. "கை சரியாவலீங்க. படம் சரியா வரும். ஆனா எடது கையாலதான் எடுப்பேன், அத மொதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு மனசுல ஏதாவது இருந்தா நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டிருந்தேன். பெண்ணின் அப்பா, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

கேட்டுக்கொண்டு சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பக் கூப்பிடாமல் போயிருக்கிறார்கள். இவர் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. போகலாம் என்றார். எனக்குத்தான் அந்த ஆள் மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு அவர் இடத்தில் நான் இருந்தாலும் வீட்டில் கேட்காமல் செய்வேனா என்று யோசித்து, அந்த ஆத்திரத்தையும் முழுங்கிக்கொண்டேன். வேன் கிளம்பி ரோட்டில் ஏறப்போகும்போது போன் அடித்தது. இவர் எடுத்தார், நான் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். அப்பா இல்லை, கல்யாணப் பெண். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது, அதற்கு மேல் அவள் குரல்.

"அங்கிள், போட்டோவுல நாங்கதான இருக்கப்போறோம். உங்க கை அதுல எங்க தெரியப்போவுது? நீங்க வந்துடுங்க."

அங்கிள், இருக்கீங்களா, லைன்ல இருக்கீங்களா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் போனை வாங்கினேன். நிறையச் சொல்ல வேண்டும் போல இருந்தது. "வர்றார்மா" என்று மட்டும் சொன்னேன்.